ஐந்தாண்டு முடிவதற்குள் ஒரு வீட்டுச் சோதனை

சென்னை மேடவாக்கத்தில் நாங்கள் வாங்கிய அடுக்கக வீட்டின் சாவி 2020 பிப்ரவரியில் கைக்கு வந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு வந்ததால் மர வேலைகள் பாதியில் நின்று, ஆண்டின் பிற்பகுதியில்தான் குடியேற முடிந்தது. எங்கள் கட்டடத்தில் பலரும் பால் காய்ச்சிய நாளிலிருந்தே, கட்டுநர் குறைகளை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டிய ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். சட்டம் அப்படிக் கணக்கிடுவதில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின் 14ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவரப்படும் கட்டமைப்புக் குறைகளையும், வேலைப்பாட்டிலோ தரத்திலோ வசதிகளிலோ உள்ள குறைகளையும் அவர் கூடுதல் கட்டணம் எதுவும் வாங்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்து தர வேண்டும். தவறினால் வாங்கியவர் இழப்பீடு கேட்கலாம். ஒப்படைப்பு நாள் எது என்பதற்கு, சாவி வாங்கும்போது நாம் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதமே சான்று. எங்கள் கடிதத்தின்படி கெடு 2025 பிப்ரவரியில் முடிந்தது. குடிபுகுந்த நாளை வைத்துக் கணக்கிட்டிருந்தால் கைவசம் இன்னும் பல மாதங்கள் இருப்பதாக நினைத்து நிம்மதியாக உட்கார்ந்திருப்போம்.

இந்தப் பிரிவில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 30 நாட்களைப் பற்றிய பகுதியை அல்ல, கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவருவதைப் பற்றிய பகுதியைத்தான். ஐந்தாண்டுக்குள் பழுதுபார்ப்பு முடிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை; குறை ஐந்தாண்டுக்குள் கட்டுநருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. ஆகவே கெடு நெருங்கும்போது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய முதன்மையான வேலை, பிளம்பரையும் பெயின்டரையும் தேடி ஓடுவதல்ல. வீட்டில் உள்ள ஒவ்வொரு குறையையும், முடிந்தவரை அதன் காரணத்தோடு, எழுத்தில் கட்டுநரிடம் சேர்ப்பது. எங்கள் கட்டுநரின் செயலியில் புகார் பதியும் வசதி இருந்தது. அதில் பதிந்தால் ஓர் எண் வரும், யாராவது ஒருவர் வந்து பார்ப்பார், சில நாட்களில் 'தீர்க்கப்பட்டது' என்று அதுவாகவே மூடிக்கொள்ளும். குளியலறைச் சுவரின் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், அந்தச் செயலியில் பலமுறை தீர்க்கப்பட்டிருக்கிறது. சுவரில் ஒருமுறைகூடத் தீரவில்லை. என்றாலும் அந்தப் பதிவுகளை எல்லாம் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்திருந்தது பின்னால் உதவியது. ஒரே இடத்தில் ஒரே பழுது மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

சென்னையில் வீட்டைச் சோதிக்க ஏற்ற பருவம் வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாய். மே மாதத்தில் எந்தச் சுவரும் யோக்கியமாகத்தான் இருக்கும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் மழையில் ஊறிய சுவரும் மொட்டை மாடியும் எதையும் மறைக்க முடியாத நிலையில் இருக்கும்போது பார்த்துவிட வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டு மேற்குப் பக்க ஜன்னல்களின் அடியில் நீர் கசிந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கடந்த பிறகு அதே ஜன்னல்கள், அதே இடங்கள், மறுபடியும் படம். இரண்டு மழைக்காலத்துப் படங்களை அருகருகே வைத்தபோது, இது தற்செயலான கசிவு என்று யாரும் வாதாட முடியாமல் போனது. கெடு கோடையில் முடிகிறவர்கள் கடைசி மாதம் வரை காத்திருக்காமல் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே சோதனையை முடித்துக்கொள்வது நல்லது.

அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். படுக்கையறைச் சுவர் பொரிந்து உதிர்வதை விருந்தினர் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. பிப்ரவரி வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. சோதனைக்கு முன் வண்ணம் பூசினால் ஓதத்தின் எல்லைக்கோடும், உப்புப் பூத்த தடமும், விரிசலின் நீளமும் எல்லாம் மறைந்துபோகும். நம் காசில் நம் ஆதாரத்தை நாமே அழிப்பதாகும். பக்கத்துப் பிளாக்கில் ஒருவர் அப்படிப் புதிதாகப் பூசிய பிறகு புகார் கொடுக்கப் போய், உங்கள் பெயின்டரின் வேலையால் வந்த பாதிப்பு என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தார்.

யாரை வைத்துச் சோதிப்பது என்ற கேள்விக்கு எங்கள் கட்டுநரே ஒரு பதில் வைத்திருந்தார். உத்தரவாதக் காலம் முடியும் முன் இலவசமாக வந்து பார்த்துச் சரிசெய்து தருவதாக மின்னஞ்சல் வந்தது. வருபவர்கள் ஒரு படிவம் கொண்டுவருவார்கள். அவர்கள் கண்ணில் பட்ட நான்கைந்து சில்லறை வேலைகள் அதில் எழுதப்படும். அடியில் 'வேறு குறைகள் எதுவும் இல்லை' என்ற வரியும் நம் கையெழுத்துக்கான இடமும் இருக்கும். வருபவர்களை வரவேற்கலாம், வேலை செய்யவும் விடலாம், ஆனால் அந்த வரியின் கீழ் கையெழுத்திடக் கூடாது. நாங்கள் கட்டுநரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சிவில் பொறியாளரை அமர்த்திக்கொண்டோம். சென்னையில் இப்போது இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களும் உள்ளன. சதுர அடிக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். நிறுவனமோ தனி ஆளோ, அமர்த்துவதற்கு முன் அவர்கள் எழுதிய பழைய அறிக்கை ஒன்றைப் பெயர் நீக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். படங்கள் மட்டும் நிறைந்து, காரணம் என்ற பகுதியே இல்லாத அறிக்கை என்றால் அடுத்த ஆளைப் பார்க்கலாம். பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்பவரை நான் தவிர்ப்பேன். அவருக்குப் பழுது பெரிதாக இருக்க வேண்டிய தேவை இருக்கிறது.

எங்கள் வீட்டில் பெரிய வழக்கு ஓதம்தான், அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். படுக்கையறையை ஒட்டிய குளியலறையின் மறுபக்கச் சுவரில், சுவரடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைலுக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. பொதுக் குளியலறையின் கூரையிலோ வேறொரு கறை இருந்தது. ஒவ்வொரு முறையும் கட்டுநரின் ஆட்கள் டைல் இடுக்குகளில் எபாக்சி பூசிவிட்டு, சுவரைச் சுரண்டிப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். பொறியாளர் வந்ததும் சுவரைப் பார்ப்பதற்கு முன் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "ஓதம் எப்ப ஏறுது சார், எப்ப இறங்குது?" என்பதுதான். மழை பெய்தால் மட்டும் ஏறுகிறதென்றால் வெளிச்சுவரையோ ஜன்னலையோ மாடியையோ சந்தேகிக்க வேண்டும். மழை வெயில் பாராமல் ஒரே அளவில் இருந்தால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்கலாம். ஊருக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் வீடு பூட்டிக் கிடந்தபோது காய்ந்து, திரும்பி வந்து குளிக்கத் தொடங்கியதும் ஏறுகிறதென்றால் அது தரையின் வழியாகவோ கழிவுநீர்க் குழாயின் வழியாகவோ வருவது. கோடை விடுமுறையில் நாங்கள் ஊரில் இருந்தபோது சுவர் காய்ந்திருந்ததை என் மனைவி நினைவுபடுத்திச் சொன்னதும், பாதிச் சோதனை முடிந்துவிட்டது என்றார் அவர்.

அடுக்ககக் குளியலறைகளின் தரை பெரும்பாலும் மற்ற இடங்களைவிட ஏறக்குறைய ஓரடி தாழ்வாகக் கான்கிரீட் போடப்படுகிறது. அந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்து, செங்கல் ஜல்லி போன்றவற்றால் நிரப்பி, மேலே கலவை போட்டு டைல் ஒட்டுகிறார்கள். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் நீர்க்காப்புப் பூச்சு சரியாக இருந்தால், டைல் இடுக்கில் இறங்கும் சிறிதளவு நீரால் பெரிய கேடு வராது. பூச்சு தளத்தோடு நின்றுபோய்ச் சுவரில் ஏறாமல் இருந்தாலோ, குழாய் கான்கிரீட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் விட்டுப்போயிருந்தாலோ, பள்ளம் மெல்ல மெல்லக் குளமாகிவிடும். தேங்கிய நீர் பக்கத்து அறைச் சுவரின் அடிப்பகுதியில் ஏறும், அல்லது கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். மேலே டைல் இடுக்கை எத்தனை முறை அடைத்தாலும் இந்தக் குளம் வற்றாது என்பதால்தான் எங்கள் சுவர் ஒவ்வொரு வெள்ளையடிப்புக்குப் பிறகும் தன் பழைய முகத்தைக் காட்டியது.

இதை ஊகமாக விடாமல் நிரூபிக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனை செய்கிறார்கள். தரைவடிகாலை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தி, இரண்டு நாட்கள் விட்டுப் பார்ப்பது. எங்கள் கூரைக் கறைக்காக மேல்வீட்டுக் குளியலறையில் நீர் தேக்க வேண்டியிருந்தது. மேல்வீட்டு மாமியிடம் தயங்கிக்கொண்டே போய்க் கேட்டோம். "பேரன் வந்திருக்கான், இருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு பாத்ரூம் இருக்கே. நாளைக்கு எங்க வீட்டுக் கூரையிலயும் இப்படித்தானே வரும்" என்று சம்மதித்தார். பொறியாளர் அந்த நீரில் பச்சைச் சாயம் கொஞ்சம் கலந்துவிட்டார். மறுநாள் எங்கள் பொய்க்கூரையின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது, கழிவுக் குழாய் கான்கிரீட்டைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு வளையமாக ஈரம். அதன் விளிம்பில் சொட்டத் தயாராக நின்ற துளி இளம்பச்சையாக இருந்தது. அளவுகோலை அருகில் வைத்து அதைப் படமெடுத்தார். அதுவரை மேல்வீட்டார் தண்ணீரை அதிகம் கொட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த கட்டுநரின் பொறியாளர், அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் வரும் சண்டைகளில் பாதி, உத்தரவாதக் காலத்துக்குள் இப்படி ஒரு சோதனை செய்திருந்தால் கட்டுநரின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை என்பது என் எண்ணம்.

ஈரமானியையும் வெப்பப்படக் கருவியையும் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இரண்டு முள் கொண்ட ஈரமானிகள் பொதுவாக மரத்தின் ஈரத்தை அளக்க அளவுதிருத்தம் செய்யப்பட்டவை. சிமென்ட் பூச்சில் அவை காட்டும் எண்ணை அப்படியே சதவீதமாகக் கொள்ளக் கூடாது. சுவரில் உப்பு இருந்தாலும் எண் கூடும். அதே அறையில் நன்றாகக் காய்ந்த சுவர் ஒன்றில் முதலில் அளந்து, அதோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். வெப்பப்படக் கருவி தண்ணீரைக் காட்டுவதில்லை, வெப்பநிலை வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. ஏசி காற்று நேராக அடிக்கும் சுவரும் அதில் நீலமாகத்தான் தெரியும். வண்ணமயமான படங்களைக் கண்டு மயங்காமல், ஈரமானியின் ஒப்பீட்டு அளவும் அதே இடத்தைச் சுட்டுகிறதா என்று கேட்க வேண்டும்.

விரிசல்களில் எல்லாமே அச்சப்பட வேண்டியவை அல்ல. பீமும் அதன் கீழுள்ள கட்டுச்சுவரும் சேரும் இடத்தில் படுக்கைவசமாக ஓடும் கோடு, தூணும் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஓடும் கோடு ஆகியவை பெரும்பாலும் கான்கிரீட்டும் கட்டுச்சுவரும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருபவை. அந்த இணைப்பின்மேல் கோழிவலை அடித்துப் பூசியிருந்தால் விரிசல் இவ்வளவு தெளிவாக வெளிவந்திருக்காது. அந்த வகையில் இது வேலைப்பாட்டுக் குறை, உயிருக்கு ஆபத்தான குறை அல்ல. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலைக் கவனிக்க வேண்டும். கட்டுச்சுவரில் படிக்கட்டுபோல் இறங்கி, மாதத்துக்கு மாதம் அகலமாகிக்கொண்டே போகும் விரிசல் அடித்தளம் அமர்வதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால் அதை உடனே கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தால், அது வளர்கிறதா நிற்கிறதா என்று எந்தக் கருவியும் இல்லாமல் தெரிந்துகொள்ளலாம். அகலத்தை அளக்கக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அட்டை ஒன்று கிடைக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்திய நெறியான ஐ.எஸ். 456, சாதாரணச் சூழலில் கான்கிரீட்டின் மேற்பரப்பு விரிசல் 0.3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் அந்த வரம்பு கான்கிரீட் உறுப்புகளுக்கானது, சுவர்ப் பூச்சுக்கு அல்ல; பூச்சில் உள்ள மயிரிழை விரிசலுக்கு இந்த எண்ணைக் காட்டி வாதாடினால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

எங்களைக் கவலைப்பட வைத்த விரிசல் வீட்டுக்குள் இல்லை, கீழே வாகனம் நிறுத்தும் தளத்தில் இருந்தது. ஒரு தூணின் அடியில் கான்கிரீட் செதில்போல் கழன்று, உள்ளே கம்பியின் துருக்கறை பழுப்பாக வழிந்திருந்தது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளும்; கான்கிரீட் உடைந்தால் ஈரமும் காற்றும் இன்னும் எளிதாக உள்ளே போகும். மழைக்காலம்தோறும் அந்தத் தளத்தில் தண்ணீர் நிற்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தத் தூணின் பக்கம் யாரும் குனிந்து பார்த்ததில்லை. தன் வீட்டுக்குள் ஒட்டாத டைலை எல்லாம் தட்டிப் பார்க்கிறவர்கள், தாம் நிற்கும் கட்டடத்தின் தூணைப் பார்ப்பதில்லை. மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகள், மாடி வடிகால் குழாய்கள், கட்டடப் பகுதிகள் விரிந்து சுருங்க இடையில் விடும் விரிவிணைப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் பொதுப் பகுதிகள்தாம்; அவற்றிலுள்ள குறைகளை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பெயரில் தனிக் கடிதமாகக் கொடுப்பதே முறை. ஒவ்வொரு வீட்டின் ஒப்படைப்பு நாளும் வேறுவேறாக இருந்ததால், பொதுப் பகுதிக்கு எந்த நாளிலிருந்து ஐந்தாண்டு என்ற சர்ச்சை வரும் என்று எதிர்பார்த்து, முதன்முதலில் சாவி வாங்கியவரின் கெடு முடிவதற்கு முன்பே சங்கத்தின் கடிதத்தை அனுப்பினோம். லிப்ட், ஜெனரேட்டர் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் தனி உத்தரவாதம் இருக்கும். அதன் தாள்களைச் சங்கம் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்லாமல் நான் யோசித்திருக்கவே மாட்டேன். மின்பெட்டியில் உள்ள ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுக் காப்பு விசையில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் விசை விழ வேண்டும். எங்கள் வீட்டில் விழுந்தது, அதனால் எல்லாம் சரி என்று நினைக்கத் தோன்றியது. பொறியாளருடன் வந்த எலக்ட்ரீஷியன் மூன்று விளக்குகள் கொண்ட சிறு சோதனைப் பிளக்கை ஒவ்வொரு பாயின்டிலும் செருகிப் பார்த்தபோது சமையலறையில் இரண்டு இடங்களில் எர்த் இணைப்பே இல்லை. பிளேட்டைக் கழற்றினால் உள்ளே பச்சை வயர் சுருட்டி மடக்கி விடப்பட்டிருந்தது, முனை எதிலும் செருகப்படவில்லை. "அண்ணே, இது அஞ்சு நிமிஷ வேலை, நானே மாட்டிடவா?" என்று அவர் கேட்டார். பாதுகாப்புக்காக உடனே மாட்டச் சொன்னோம், ஆனால் அதற்கு முன் படமெடுத்துக்கொண்டோம். வீடுகளுக்கான ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழும் வகையில் இருக்க வேண்டும். அந்த எண் விசையின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள தடிமனில்தான் வயர் போட்டிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஜன்னல் கசிவு எளிய விஷயம். நகரும் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் நீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும்; எங்கள் வீட்டில் அவற்றை சிலிக்கான் பசையே அடைத்திருந்தது. ஜன்னலடிக் கிரானைட் பலகையும் வெளிப்பக்கம் சரியாமல் உள்பக்கம் சரிந்திருந்ததை ரசமட்டம் காட்டியது. டைல்களைச் சிறு இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே போனால், அடியில் கலவை இல்லாத இடத்தில் ஓசை உள்ளீடற்றுக் கேட்கும். அப்படிக் கேட்டவற்றின்மேல் காகித நாடா ஒட்டி அடையாளம் வைத்தார்கள். கதவு, கைப்பிடி, தாழ்ப்பாள் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுத நான் விரும்பவில்லை. ஐந்தாண்டு உபயோகித்த தாழ்ப்பாளுக்குச் சண்டை போடுவது நியாயமும் ஆகாது.

இந்த நியாய உணர்வு அறிக்கைக்குத்தான் மிகவும் தேவை. நூற்றுக்கணக்கான வரிகளில் சுவர்க்கீறலும் பெயின்ட் திட்டும் நிறைந்த பட்டியலைக் கொடுத்தால், கட்டுநர் அவற்றில் எளிதான தொண்ணூறை முடித்துவிட்டுப் பெரும்பான்மை முடிந்தது என்று பதில் எழுதுவார். விடுபட்டது நீர்க்காப்பாக இருக்கும். எங்கள் அறிக்கையில் கட்டமைப்பும் நீர்க்கசிவும் மின்பாதுகாப்பும் முதலில் வந்தன, அழகுக் குறைகள் கடைசியில் ஒரே பத்தியாக. ஒவ்வொரு குறைக்கும் இடம், அளவுகோலுடன் கூடிய படம், பார்த்த தேதி, செய்த சோதனை, அதன் முடிவு, காரணம், செய்ய வேண்டிய திருத்தம் என்ற வரிசை. 'மோசமான', 'அக்கறையற்ற' போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. கடிதத்தில் ஒப்படைப்பு நாளைக் குறிப்பிட்டு, 14ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்கீழ் 30 நாட்களுக்குள் சரிசெய்து தரக் கோருவதாக எழுதி, அறிக்கையை இணைத்து, விற்பனை ஒப்பந்தத்தில் அறிவிப்புகளுக்கென்று கொடுக்கப்பட்டுள்ள முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் அனுப்பினோம். அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். 2025இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இப்போது அனுப்புகிறவர்கள் விரைவு அஞ்சலில் சேர்ப்பித்ததற்கான சான்றையும் கேட்டு அனுப்ப வேண்டும். கட்டுநரின் தள அலுவலகத்தில் இருப்பவரிடம் கையில் கொடுத்து, முத்திரையும் தேதியும் இல்லாமல் திரும்பி வருவதில் பயனில்லை.

முதல் பதில் எதிர்பார்த்தபடியே வந்தது. குழாய், மின்சார வேலைகளுக்கு ஒப்பந்தப்படி ஓராண்டு உத்தரவாதம் மட்டுமே என்றும், அது 2021லேயே முடிந்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். சட்டத்தின் அந்தப் பிரிவு கட்டமைப்புக்கு ஐந்து, மற்றவற்றுக்கு ஒன்று என்று எங்கும் பிரிக்கவில்லை என்பதை மட்டும் பதிலாக எழுதினோம். அதோடு, சட்டத்தோடு முரண்படும் வேறு எந்தச் சட்ட ஏற்பாட்டையும் மீறி இந்தச் சட்டமே செல்லும் என்று 89ஆம் பிரிவு சொல்வதையும் குறிப்பிட்டோம். அடுத்த சுற்றில் பேச்சு தணிந்தது. நேரில் வந்த அவர்களுடைய மூத்த பொறியாளர் நல்ல மனிதர். பச்சைத் துளியின் படத்தையும் தூணையும் பார்த்தபின் அவரே தன் அலுவலகத்துக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டார். பூச்சில் உள்ள மயிரிழை விரிசல்களைச் சரிசெய்ய மாட்டோம் என்றார்கள். எங்கள் பொறியாளரே விட்டுக்கொடுக்கச் சொன்னார், விட்டுக்கொடுத்தோம். குளியலறையில் நாங்கள் பின்னால் மாட்டிய கண்ணாடித் தடுப்புக்காகத் தரையில் துளையிட்டதால்தான் கசிவு என்று ஒரு வாதம் வந்தது. தடுப்பு இருந்தது இந்தக் குளியலறையில் அல்ல, மற்றதில் என்பதால் அது நிற்கவில்லை. ஆனால் வாதம் உண்மையாகவே வலுவானது. உள்வேலை செய்பவர்கள் நீர்க்காப்புள்ள தரையைத் துளைத்தால் கட்டுநரின் பொறுப்பு அங்கே கேள்விக்குரியதாகிவிடும். ஐந்தாண்டு முடியும்வரை குளியலறைத் தரையில் கை வைக்காமல் இருப்பது உத்தமம்.

திருத்த வேலையில் நாங்கள் விடாப்பிடியாக நின்றது ஓர் இடத்தில்தான். டைலைப் பெயர்த்து, நிரப்பிய ஜல்லியை அள்ளி, புதிய நீர்க்காப்புப் பூச்சைத் தளத்திலும் சுவரில் ஓரடி உயரம் வரையும் ஏற்றிப் பூசி, அது காய்ந்த பிறகு, டைல் ஒட்டுவதற்கு முன் மறுபடியும் இரண்டு நாள் நீர் தேக்கிக் காட்ட வேண்டும் என்றோம். ஜல்லியை அள்ளியபோது அது சகதியாக வந்ததைக் கொத்தனாரே எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். டைல் ஒட்டிய பிறகு செய்யும் சோதனையில் தோற்றால் எல்லாவற்றையும் மறுபடி பெயர்க்க வேண்டும் என்பதால் கட்டுநரின் மேற்பார்வையாளரும் கடைசியில் இதை ஒப்புக்கொண்டார். பழைய டைலின் நிறம் இப்போது சந்தையில் இல்லை, புதியது சற்று வெளுப்பு. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. படுக்கையறைச் சுவருக்கு மட்டும் உடனே வண்ணம் பூச விடவில்லை. பல ஆண்டு குடித்த நீர் காய வாரக்கணக்கில் ஆகும். ஈரமானியின் எண் பக்கத்துச் சுவரின் எண்ணுக்கு இறங்கிய பிறகே பட்டி வைத்தார்கள்.

கட்டுநர் அசையவே இல்லை என்றால் போக வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். சரிசெய்து தர உத்தரவிடக் கோருவதற்குப் படிவம் 'எம்', இழப்பீடு கோரித் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் போவதற்குப் படிவம் 'என்'. தனி நபரைப்போல வீட்டு உரிமையாளர் சங்கமும் புகார் கொடுக்க 31ஆம் பிரிவு இடமளிக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இந்தச் சட்டம் இருப்பதால் அந்த வழி அடைபடவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியிருக்கிறது. முதல் உரிமையாளரிடமிருந்து வீட்டை மறுவிற்பனையில் வாங்கியவர்களும் சட்டத்தின் வரையறைப்படி ஒதுக்கீடு பெற்றவர்களே, வாடகைக்கு இருப்பவர்கள்தாம் அதில் சேர மாட்டார்கள். ஆகவே அப்படி வாங்குகிறவர்கள் முதல் உரிமையாளரின் ஒப்படைப்புக் கடிதத்தைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும், ஐந்தாண்டு ஓடுவது அந்த நாளிலிருந்துதான். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டப்படும் திட்டங்களுக்கு ஆணையத்தில் பதிவு தேவையில்லை. அத்தகைய சிறு கட்டடத்தில் வாங்குகிறவர்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கட்டுநரின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதத்தைக் கையெழுத்துக்காக நீட்டினார்கள். அனைத்துப் பணிகளும் முழு மனநிறைவோடு முடிந்தன, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. தூணின் பழுதுபார்ப்பு அப்போது முடியவில்லை, சங்கத்தின் கடிதமும் நிலுவையில் இருந்தது. முடிந்த வேலைகளின் வரிசை எண்களை மட்டும் எழுதி, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்பதை அடித்து, 'மீண்டும் கசிவு வந்தால் அது 2025 ஜனவரி அறிவிப்பின் தொடர்ச்சியாகவே கருதப்படும்' என்று கையால் சேர்த்துக் கையெழுத்திட்டேன். மேலாளர் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேட்டுவிட்டு, அடித்த இடத்தின் ஓரத்தில் தானும் சுருக்கொப்பமிட்டு, முத்திரை வைத்த நகல் ஒன்றைத் தந்தார்.